விதைக்கு ஐந்து கிழங்கு

தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். சாமி பார்த்தாயா என்று கேட்பதற்கு முன்பே கிழங்கு எங்கே என்று கேட்பார்கள். சிறுவள்ளிக்கிழங்கு. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்துக்கு வெளியே பிறந்தவர்களிடம் தை ஐந்தும் ஆற்றுத் திருவிழாவும் இந்தக் கிழங்கும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்று விளக்குவது கடினம். எனக்கே விளங்கியதில்லை. பொங்கல் முடிந்த கையோடு சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் டிராக்டரிலும் மினி லாரியிலும் ஏறி ஆற்றுக்கு வரும். தீர்த்தவாரி நடக்கும். ஜனங்கள் மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டு, ராட்டினம் சுற்றி, மிளகாய்ப்பொடி தூவிய பெரிய அப்பளத்தை நொறுக்கித் தின்று, ஒரு பை கிழங்கோடு வீட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் திருவிழா.

நான் புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். அம்மா கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது கல்லூரி நாளிலிருந்து விடாத பழக்கம். தண்ணீர் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பார்வை. உறவுக்காரர் வீட்டில் நுழைந்ததும் கட்டிலில் கிடக்கும் பெரியவரை எட்டிப் பார்ப்போமே, அப்படி.

2025-இல் தை ஐந்து சனிக்கிழமையில் வந்தது. அம்மாவையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு ஆல்பேட்டைப் பக்கம் ஆற்றில் இறங்கினேன். கிழங்கு விற்கிறவர்கள் சாக்கை விரித்துக் குவியல் குவியலாகப் போட்டிருந்தார்கள். விரல் தடிமனில் தொடங்கிக் கோழிமுட்டை அளவு வரை, செம்மண் ஒட்டிய பழுப்புத் தோல், தோலெங்கும் மயிர் மயிராக வேர். பார்க்க அழகான பண்டம் ஒன்றும் இல்லை. அம்மா பெரியதைத் தொடவே மாட்டாள், நார் இருக்கும் என்பாள். நடுத்தரமானதாக எடுத்து, நகத்தால் தோலை லேசாகக் கீறி, உள்ளே வெள்ளையாக ஈரம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் தட்டில் போடுவாள்.

"கிலோ 60 ரூபாயா? போன வருடம் 40-க்குத்தானே கொடுத்தீர்கள், ஆயா?" என்றேன்.

"கார்த்திகை மழையில் பாதிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது, கண்ணு. மிச்சம் இருப்பதைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். நகத்தால் கீறாதேம்மா, கீறிய கிழங்கை யார் வாங்குவார்கள்?"

கடைசி வாக்கியம் அம்மாவுக்கு. அம்மா கீறுவதை நிறுத்தவில்லை.

அந்தக் கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் அதற்குத் தோதானது. சித்திரை, வைகாசியில் நட்டால் கொடியாகப் படர்ந்து, எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள் கிடந்து, மார்கழிக் கடைசியில் வெட்டுக்கு வரும். இதற்கு விதை கிடையாது. கிழங்கேதான் விதை. வெட்டியதில் ஒரு பங்கை விற்காமல் எடுத்து வைத்து அடுத்த சித்திரையில் மண்ணுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். நெல்லைப் போலக் குதிரில் கொட்டி, இரண்டு வருடம் கழித்து விதைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் நடக்காது. ஒரு குடும்பம் ஒரு வருடம் சலித்துப்போய் விட்டுவிட்டால் அந்தக் குடும்பத்தின் விதை அத்தோடு போயிற்று, அடுத்த வீட்டில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வருடத்தில் மிச்ச நாளில் இதை யார் தேடுகிறார்கள்? உருளைக்கிழங்கு, சேனைக்கிழங்கு போல ஓட்டலுக்குப் போகிற சரக்கு இல்லை. மரவள்ளியைப் போல ஜவ்வரிசி ஆலை இல்லை. உப்புப் போட்டு அவித்து, சூட்டோடு தோலை உரித்து, ஊதி ஊதித் தின்பதைத் தவிர இதைக்கொண்டு பெரிதாக எதுவும் செய்வதும் இல்லை. பொங்கலிலிருந்து ஆற்றுத் திருவிழா வரை ஒரு வாரம், அதுதான் இதன் சந்தை. அந்த ஒரு வாரத்தை நம்பி ஒன்பது மாதம் கொடியைக் காக்கிறவர்கள் இருக்கிறார்கள். தை ஐந்து என்று ஒன்று இல்லாமல் போனால், எனக்குத் தெரிந்து மூன்று நான்கு வருடத்தில் இந்த மண்ணிலிருந்து இந்தக் கிழங்கு காணாமல் போய்விடும். இதைக் காப்பாற்ற யாரும் சங்கம் வைக்கவில்லை. அப்பளம் தின்னவும் ராட்டினம் சுற்றவும் வந்த கூட்டம், தான் என்ன செய்கிறோம் என்று அறியாமலே ஒரு பயிரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சரி, கிழங்கைக் காப்பாற்றிய திருவிழா ஆற்றைக் காப்பாற்றியதா?

என் அப்பாவைப் பெற்ற ஆயா, தை பிறந்து ஐந்து நாளும் பெண்ணையில் கங்கை வந்து கலக்கிறாள் என்பாள். அதை நம்பித்தான் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே புறப்பட்டு மணலூர்பேட்டைக்கு வந்து இதே நாளில் இதே ஆற்றில் தீர்த்தவாரி காண்கிறார் என்று பெருமையாகச் சொல்வாள். கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் எல்லாம் சுற்றி எங்கள் ஊரில் கடலில் விழுகிற ஆறு இது. ஆயாவுக்கு அந்தப் புவியியல் தெரியாது. கங்கை எந்த வழியாக வருகிறாள் என்று கேட்டால் மணலுக்கு அடியில் என்பாள். சிறுவயதில் சிரித்திருக்கிறேன்.

சிரித்திருக்கக் கூடாது. அவள் எங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போகிற நாளில் ஓட்டம் இல்லாவிட்டாலும் கவலைப்பட மாட்டாள். ஈர மணலாகப் பார்த்து உட்கார்ந்து இரண்டு கையாலும் வாரிப் போடுவாள். ஒரு முழம் தோண்டுவதற்குள் பக்கவாட்டிலிருந்து நீர் கசிந்து குழியின் அடியில் தேங்கும். முதலில் ஊறுவது கலங்கல். அதைத் தேங்காய்ச் சிரட்டையால் இறைத்துவிட வேண்டும். இரண்டாவதும் லேசாகக் கலங்கியிருக்கும், அதையும் இறைத்துவிட வேண்டும். மூன்றாவது ஊறுவது கண்ணாடி மாதிரி இருக்கும். சிரட்டையைச் சாய்த்து, குழியின் சுவர் இடியாமல் பக்குவமாக மொண்டு கொடுப்பாள். அந்த நீருக்கு ஒரு சில்லிப்பும் மணலின் வாசனையும் உண்டு. இன்று நான் வாங்கிக் குடிக்கிற 20 லிட்டர் கேன் தண்ணீருக்கு எந்த வாசனையும் இல்லை, அதுதான் அதன் சிறப்பு என்று விற்கிறார்கள்.

மணலுக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்பதைத்தான் அவள் கங்கை என்றாள். பத்தடி இருபதடி மணல் படிந்த ஆற்றுப்படுகை ஒரு பெரிய பஞ்சுமெத்தை. வெள்ளம் வடிந்த பிறகும் மணலின் இடுக்குகளில் நீர் தங்கி, மெல்ல நகர்ந்து, இரு கரைக் கிணறுகளுக்கும் ஊறிக்கொண்டே இருக்கும். கடலோரத்தில் இன்னொரு வேலையும் செய்யும். மண்ணுக்குள் நிற்கும் நன்னீர்தான் கடல் நீர் உள்ளே வராமல் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறது. மணலை அள்ளிக் களிமண் தெரிகிற வரை போய்விட்டால் மெத்தையும் இல்லை, முட்டும் இல்லை. பெய்கிற மழை விழுந்தடித்துக்கொண்டு கடலுக்கு ஓடும். காலி இடத்துக்கு உப்பு மெதுவாக வந்து சேரும். எங்கள் வீட்டுக் கைப்பம்பில் ஆயா காலத்தில் பருப்பு வெந்தது. இப்போது அந்தத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைப்பதில்லை.

சாமி வந்து குளிக்கிற ஆறு, கங்கை கலக்கிற ஆறு என்று தெரிந்துதான் மணலை அள்ளினார்கள். அள்ளிய வண்டிகளின் முன்கண்ணாடியில் சாமி படம் ஒட்டியிருந்ததைப் பாலத்தில் பஸ்ஸுக்கு எதிரே வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். பக்தி குறைந்ததால் ஆறு கெட்டது என்று யாராவது பேசினால் எனக்கு அந்தக் கண்ணாடிதான் நினைவுக்கு வரும்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது. 2017 ஜனவரி பத்தாம் தேதி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். எட்டு நாள் கழித்து தை ஐந்து. ஆற்றில் ஈரம்கூட இல்லை. நாங்கள் நின்றிருந்த இடத்தில் மணலில் நீள்சதுரமாகப் பள்ளம் வெட்டி, நீலத் தார்ப்பாய் விரித்து, லாரித் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். மேளம் முழங்கியது. குருக்கள் முழங்கால் அளவு நீரில் இறங்கி சூலத்தை முழுக்கினார். தார்ப்பாயின் மடிப்பில் மாட்டிக்கொண்ட பூவை ஒரு சிறுவன் காலால் விலக்கிக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். பிறகு அப்பளம், ராட்டினம், கிழங்கு. எதுவும் குறையவில்லை.

அன்று சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடி இரண்டாவது நாள். கைபேசியில் அந்தக் கூட்டத்தின் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பண்பாட்டைக் காப்போம் என்ற பதாகைகளை வறண்ட ஆற்றின் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் போராட்டத்தின் மேல் பொல்லாப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்த நீலத் தார்ப்பாய்தான் என்னைப் பல வருடம் தூங்கவிடாமல் செய்தது. ஆறு இல்லாமலே ஆற்றுத் திருவிழாவை நடத்திவிட முடியும் என்று அன்று தெரிந்தது. ஒரு லாரித் தண்ணீர் போதும். சடங்குக்கு ஆறு தேவையில்லாமல் போன பிறகு, ஆற்றுக்கு அந்தச் சடங்கால் என்ன லாபம்?

கிழங்கில் இப்படி ஏமாற்ற முடியாது என்பதைக் கவனியுங்கள். நெகிழிக் கிழங்கை அவித்துத் தின்ன முடியாது. யாரோ ஒருவர் சித்திரையில் நட்டே ஆக வேண்டும்.

"நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்திகள் எங்கள் அலுவலகக் குழுவில் வாரம் இரண்டு வரும். கோலமாவு எறும்புக்கு, மஞ்சள் கிருமிக்கு, அரசமரம் ஆக்சிஜனுக்கு. முன்னோர்கள் முட்டாள்கள் இல்லைதான், மகான்களும் இல்லை. அவர்களுக்கு ஏரி தேவைப்பட்டது, ஏரியை வைத்துக்கொண்டார்கள். தேவைப்பட்ட ஒன்றை வைத்துக்கொள்ள என்ன செய்தார்கள் என்பதை அந்தச் செய்திகள் சொல்வதே இல்லை. அதில் மண்வெட்டி வருமே.

பாகூர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கே நடந்த வித்யாஸ்தானம் என்ற கல்லூரிக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. அவ்வளவு பழைய வேளாண் ஊர். அந்த ஏரிக்கு எங்கள் பெண்ணையாற்று நீர்தான் போகிறது, சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக. பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள், ஆடல் மகளிர், தங்கள் சொத்தைப் போட்டு அந்த வாய்க்காலை உண்டாக்கினார்கள் என்பது ஊரில் சொல்கிற கதை. புதுச்சேரியின் இன்னொரு தண்ணீர்க் கதையும் தாசிப் பெண்ணின் கதைதான். ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசன் கும்பிட்டுவிட்டான், உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னான், அவள் தானே இடித்து அங்கே குளம் வெட்டினாள். முத்திரையர்பாளையத்து நீர் நகரத்துக்கு வந்தபோது மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாகக் கட்டியதுதான் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபம். கோயிலுக்குள் ஆட விட்டு, ஊருக்குள் மதிக்காமல் வைத்திருந்த பெண்கள்தான் இந்த ஊருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று ஊரே கதை சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்த மண்டபத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வாய்க்கால் வெட்டுவது ஒரு நாள் புகழ். வருடா வருடம் தூர் வாருவதுதான் பிழைப்பு. அதற்குக் குடிமராமத்து இருந்தது. கோடையில் ஏரி காய்ந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். வண்டலை வயலுக்கு அடிப்பார்கள், அது உரம். களிமண்ணைக் குயவர் எடுப்பார், அதுதான் அடுத்த பொங்கலுக்குப் பானை, ஆவணிக்குப் பிள்ளையார். பிள்ளையாரைக் கொண்டுபோய் அதே நீரில் கரைத்தால் எடுத்த மண் எடுத்த இடத்துக்குப் போயிற்று. இந்தச் சுற்று புரியாமல் பாரிஸ் சாந்துப் பிள்ளையாரைக் கடலில் போட்டுவிட்டுப் பாரம்பரியம் என்று சொல்வது வேடிக்கை. மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி இருந்தார், அவருக்குக் களத்திலேயே பங்கு நெல் அளந்தார்கள். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிப் பக்கம் பாசனக்காரர்களின் சங்கங்களே ஏரிகளைப் பார்த்துக்கொண்டன.

இதையும் பொன்னுலகம் என்று எழுதிவிட மனம் வரவில்லை. ஆள் வராவிட்டால் கட்டாயப்படுத்த 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. எல்லாரும் இன்முகத்தோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தால் சட்டம் எதற்கு? வீட்டுக்கு ஓர் ஆள் என்றால் எந்த வீட்டிலிருந்து உண்மையில் ஆள் வந்தது, எந்த வீட்டுக்காரர் கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்றார் என்பதை யோசிக்க வேண்டும். சேற்றில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். ஏரி நிறைந்தால் முதல் மடை நீர் பாய்ந்த வயல் அவர்களுடையது இல்லை. எங்கள் ஆயா காலத்தில் ஆற்றுத் திருவிழாவிலும் யார் எங்கே இறங்கிக் குளிக்கலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. அவள் அதைச் சாதாரணமாகச் சொல்வாள், வெயில் மழை மாதிரி. அந்தக் கட்டாயம் உடைந்தது நல்லதுதான். உடைந்த இடத்தில் கூலி கொடுத்தோ முறை வைத்தோ வேறு ஏற்பாட்டை நாம் உண்டாக்கிக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டுத் திருவிழாவை மட்டும் வைத்துக்கொண்டோம். எளிதானது எது என்று மனிதனுக்குத் தெரியும்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அய்யனார் கோயிலும் அதைச் சுற்றிக் கோயில் காடும். சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் தொடர்ச்சியாக இருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் கிழிந்த துண்டு. கோடையிலும் இலை உதிராத குட்டை மரங்கள், வீரை, பாலை, காசா, நாவல், இடையில் புகுந்து மேலே ஏறும் தடித்த கொடிகள். உள்ளே பத்தடி நடந்தால் சாலைச் சத்தம் அடங்கிவிடும். கடலூருக்குப் பக்கத்தில் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் என்று இப்படிச் சில துண்டுகளைப் புதுவைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மரம் மரமாக எண்ணி ஆராய்ந்திருக்கிறார்கள். மிச்சமிருக்கும் துண்டுகளில் பல தப்பியது அய்யனார், காளி மேல் இருந்த பயத்தால்தான். சுள்ளி ஒடித்தால் ரத்தம் கக்குவான் என்று சொல்லி வைத்தார்கள். அன்பு என்று யாரும் சொல்லவில்லை. நான் சிறுமியாகப் போனபோது காட்டுக்குள் கோயில் இருந்தது. இப்போது போனால் கோயிலுக்குள் காடு இருக்கிறது. வண்டி நிறுத்த இடம், மொட்டை அடிக்க இடம், கிடா வெட்டிச் சமைக்க இடம் என்று ஒவ்வொன்றும் பக்தர்களின் வசதிக்காகத்தான். பயம் போய் பக்தி கூடியிருக்கிறது. மரங்களுக்குப் பயமே பரவாயில்லை என்று தோன்றும்.

இதற்கு நேர் எதிரான கதை தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கிக்கொடுத்த மரம், நடராசர் கோயிலின் தலமரம், ஊருக்குள் காடாக எங்கும் இல்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் சதுப்பு நிலக் காட்டுக்குப் போக வேண்டும். பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பதால் விறகுவெட்டிகூடத் தயங்குகிற மரம். அந்தப் பிச்சாவரமும் பக்தியால் பிழைக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி கூறு போட்டு மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் அமுங்கி, தொட்டி மாதிரி பள்ளமாகி, கடல் ஓதத்தில் ஏறிய நீர் வடியாமல் நின்று உப்புக் கூடி, நட்ட கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்புக் கரைந்து கன்றுகள் தழைத்தன. 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மரக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை மறு வருடம் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 2022-இல் பிச்சாவரம் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலுக்கும் போனது. இங்கேயும் மண்வெட்டிதான் வருகிறது, பார்த்தீர்களா.

திருப்பாதிரிப்புலியூரில் அந்த மண்வெட்டியும் வரவில்லை. ஊருக்குப் பெயர் கொடுத்த பாதிரி மரத்தைக் கோயிலுக்கு வெளியே நான் ஓர் இடத்திலும் பார்த்ததில்லை. பஸ் பலகையில் மட்டும் தினமும் பார்க்கிறேன்.

2025-க்கு வருகிறேன். அந்தத் தை ஐந்தில் ஆற்றில் நீர் இருந்தது. அதைச் சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன் நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மேலே பெய்த மழையில் நிரம்பிய, இதே ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் இரண்டாம் தேதி விடிவதற்குள் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். நாணமேடு, உச்சிமேடு, உப்பலவாடி எல்லாம் மூழ்கின. உச்சிமேட்டில் சித்தி வீட்டில் நீர் ஜன்னலைத் தாண்டி ஏறியது. மாடியில் இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கி வந்த சித்தியைத் திருவிழாவுக்குக் கூப்பிட்டேன்.

"நான் எதற்கு வர வேண்டும்? ஆறுதான் என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிற்றே" என்றாள்.

சொன்னாளே தவிர வந்தாள். நீரின் விளிம்பில் நின்று காலை நனைக்காமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளம் கொண்டுவந்த புது மணல் மேடு மேடாகக் கிடந்தது. இந்த மணல் எவ்வளவு நாளைக்கு இங்கே இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும், பேசிக்கொள்ளவில்லை. என் மகளை அந்தப் புது மணலில் உட்காரவைத்துக் குழி தோண்டச் சொன்னேன். ஒரு முழம் போவதற்குள் நீர் ஊறியது. சிரட்டை இல்லை, யாரோ போட்டுவிட்டுப் போன காகிதக் கப்பால் இறைத்தாள். மூன்றாவது ஊறலும் தெளிந்தது. குடிக்கட்டுமா என்றாள். நான் வேண்டாம் என்றேன். மேலே ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் இதே ஆறு பெங்களூர்க் கழிவோடு வெள்ளை நுரையாகப் பொங்கி வருவதைச் செய்திகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். அவள் கப்பைக் கவிழ்த்துவிட்டு, "அப்புறம் எதற்குத் தோண்டச் சொன்னாய்?" என்றாள். பதில் சொல்லவில்லை. சித்திதான், "உங்கள் கொள்ளுப்பாட்டி தோண்டுவாள், அதற்காக" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுச்சேரிக்குத் திரும்பும்போது பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. கீழே ஆறு முழுக்க நெகிழித் தட்டு, கப், பாலித்தீன் பை, கரும்புச் சக்கை. துப்புரவுப் பணியாளர்கள் சாக்குப் பைகளோடு குனிந்து குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். சேற்றில் இறங்குகிறவர்கள் இன்றும் அதே தெருக்களிலிருந்துதான் வருகிறார்கள். ஆயாவோடு போன நாளிலும் நாங்கள் மணலில் உட்கார்ந்து தின்று குப்பையை அங்கேயே போட்டுவிட்டுத்தான் வந்தோம். வாழை இலையும் மந்தார இலையும் என்பதால் ஆறு கண்டுகொள்ளவில்லை. நாங்கள் அப்போதும் ஒன்றும் ஒழுங்கானவர்கள் இல்லை. குப்பை மட்டும் ஒழுங்காக இருந்தது.

வாங்கிய கிழங்கில் பெரும்பகுதியைத் திருவிழா அன்று இரவே அம்மா அவித்துவிட்டாள். அவிப்பதற்கு முன் ஐந்தை எடுத்துத் தனியாக வைத்தாள். நகம் படாத, ஒரே அளவான ஐந்து. பழைய பிளாஸ்டிக் வாளியில் காய்ந்த மணலைப் போட்டு அதற்குள் புதைத்து, பரணுக்கு அடியில் நிழலில் தள்ளி வைத்தாள்.

சித்திரை இரண்டாவது வாரம் போனபோது அந்த வாளியை வெளியே எடுத்தோம். மூன்றில் முளை விட்டிருந்தது. ஒன்று சுருங்கிச் சருகாகியிருந்தது. இன்னொன்றை எலி கடித்திருந்தது. எங்கள் வீட்டுக் கொல்லை செம்மண் இல்லை, உப்புத் தண்ணீர் வேறு. வராது அம்மா என்றேன். அவள் மூன்றையும் முளை மேலே இருக்கும்படி நட்டு, கேன் தண்ணீரில் அரை சொம்பு ஊற்றினாள். கொடி ஏற மூங்கில் குச்சி ஒன்று வேண்டும், அடுத்த வாரம் வரும்போது வாங்கி வா என்றாள்.